டெல்லி பாதுஷாவும் கோவில்பட்டி பஸ்ஸும்

கயத்தாறில் பஸ் நின்றபோது பக்கத்து சீட்டு அண்ணாச்சி, கட்டபொம்மன் நினைவிடம் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "ஏன் தம்பி, ஆற்காட்டு நவாபு நம்ம பாளையத்து கப்பத்தை வெள்ளக்காரக் கும்பினிக்கு விட்டாரே, தட்டிக் கேக்க மேல ஆளே இல்லியா?" என்றார். இருந்தார். பேரளவில்.

ஷா ஆலம் என்ற முகலாய பாதுஷா. இளவரசராக இருந்தபோதே, 1758-இல், வஜீராக, அதாவது பிரதம மந்திரியாக, இருந்த இமாதுல் முல்க்குக்குப் பயந்து டெல்லியை விட்டுத் தப்பினார். அடுத்த வருஷம் அதே வஜீர் இவருடைய அப்பா இரண்டாம் ஆலம்கீரைக் கொன்றுவிட, பீகார் பக்கம் அலைந்துகொண்டே தன்னைப் பாதுஷா என்று அறிவித்துக்கொண்டார், சிம்மாசனம் இருக்கிற ஊருக்குள் கால் வைக்க வழியில்லாமல். பக்சார் போரில் கும்பினியிடம் தோற்ற பிறகு அலகாபாத்தில் அதன் நிழலில் இருந்தபடியே 1765-இல் வங்காள வரி வசூலை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார், வருஷம் 26 லட்சம் ரூபாய்க்கு. நம்ம நவாபுக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று இப்போது புரிகிறதா?

1772-இல் மராத்தியர் துணையோடு டெல்லி திரும்பினார். அப்புறம் 1788-இல் ஆப்கானியத் தலைவன் குலாம் காதிர் செங்கோட்டைக்குள்ளேயே அவர் கண்ணைப் பிடுங்கினான். நம்ம தென்காசி பக்கத்துச் செங்கோட்டை இல்லை, டெல்லியில் உள்ளது. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது, அண்ணாச்சி முகத்தைப் பார்த்ததும்.

"கண்ணு போன பெறவும் ராசாவா இருந்தாரா?"

1806 வரை இருந்தார் என்றேன். அவர் கடலைமிட்டாய் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினார்.