முப்பத்தாறு அறுபத்து மூன்றான கதை

எரிந்த மோட்டாருக்குப் புதுக் காயில் சுற்றுவதுதான் வைண்டிங். நான் வேலை பழகிய வைண்டிங் கடையில் கல்லாப்பெட்டியைவிடப் பத்திரமாக இருந்தது ஒரு நோட்டு. அட்டை கிழிந்து, வார்னிஷ் கறை ஏறி, ஓரமெல்லாம் கைபட்டுக் கறுத்திருக்கும். எந்த மோட்டாருக்கு எத்தனை ஸ்லாட் (காயில் உட்காரும் பள்ளம்), ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, என்ன கேஜ் (தடிமன்) கம்பி என்பதெல்லாம் அதில்தான். எரிந்து வந்த மோட்டாரில் பழைய காயிலை அறுப்பதற்கு முன்பே இந்தக் கணக்கை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் அறுத்தவன் அன்று சாயங்காலம் வரை திட்டு வாங்குவான். முதலாளி சாப்பிடப் போகும்போது நோட்டை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு போவார்.

2009-ல் கோவை கணபதியில் நான் தனியாகக் கடை போட்டேன். அந்த வருஷமே என் நோட்டில் இருந்ததை வலைப்பதிவில் எழுத ஆரம்பித்தேன். லட்சியம் என்று எதுவும் கிடையாது. பக்கத்தில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த தம்பி கவிதை எழுதுகிறவன். "அண்ணா, நீங்களும் ஏதாச்சும் எழுதுங்க" என்று நச்சரித்தான். மோட்டாரைத் தவிர எனக்கு என்னப்பா தெரியும் என்றேன். "அதையே எழுதுங்க" என்று சொல்லி, தமிழில் தட்ட என்.ஹெச்.எம். ரைட்டரை இறக்கி, ப்ளாக்கரில் ஒரு கணக்கும் திறந்து கொடுத்துவிட்டான். முதல் பதிவு ஆறு வரி. அதைத் தட்ட ஒரு மணி நேரம் ஆனது, அதில் பாதி நேரம் ழகரத்தைத் தேடியதில் போனது.

தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணத்தில் சேர்த்தோம். அங்கே சினிமாவும் அரசியலும் சண்டையுமாக வந்து விழும். நடுவில் என் 'பேரிங் சத்தம் வந்தால் என்ன செய்வது' முகப்பில் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. முதல் மூன்று மாதம் படித்தவர்கள் நானும் அந்தத் தம்பியும்தான். அவன்கூட முழுசாகப் படித்திருப்பானா என்பது சந்தேகம்.

நிறுத்தியிருப்பேன். நிறுத்தாமல் பிடித்து வைத்தது ஒரே ஒரு பதிவு, அதுவும் முதலில் எழுத முடியாமல் பாதியில் நின்ற பதிவு.

மூன்று லைனில் கரண்டு வாங்கும் மூன்று பேஸ் மோட்டாரில் ஒரு பேஸ் போய்விட்டால், தெரியாமல் ஓட்டுகிறவர் மோட்டாரை எரித்துக்கொண்டு வருவார். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இது சகஜம். ஃபியூஸ் ஒன்று போயிருக்கும், இல்லையென்றால் மும்முனைக் கரண்டு இல்லாத நேரத்தில் கன்டென்சரை, அதாவது கபாசிட்டரைப் போட்டு ரெண்டு பேஸில் ஓட்டியிருப்பார்கள். மூடியைக் கழற்றியதுமே தெரிந்துவிடும். தீய்ந்த வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறும். உள்ளே வட்டமாகக் காயில் கட்டுகள். மூன்று பேஸ் காயில்களையும் ஒரு முனையில் சேர்த்துக் கட்டினால் ஸ்டார், முக்கோணமாகக் கட்டினால் டெல்டா. ஸ்டார் கனெக்‌ஷன் என்றால் ரெண்டு பேஸின் கட்டுகள் கரிக்கட்டையாகவும் மூன்றாவது பேஸ் நேற்றுச் சுற்றியது போலவும் இருக்கும். டெல்டா என்றால் தலைகீழ்: ஒரு பேஸ் கருகி, மற்ற ரெண்டும் பிழைத்திருக்கும். எனக்கு இது பத்து வருஷமாகத் தெரியும். பார்த்ததும் சொல்லிவிடுவேன்.

எழுத உட்கார்ந்தேன். 'ஸ்டாரில் ரெண்டு கருகும், டெல்டாவில் ஒன்று கருகும், ஏனென்றால்' என்று தட்டிவிட்டு நின்றுவிட்டேன். ஏனென்றால் என்ன? கடைக்கு வருகிற ஆளிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அன்றிரவு கரண்டு கட். எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் தினசரித் தாளின் ஓரத்தில் ஸ்டாரையும் முக்கோணத்தையும் மாறி மாறி வரைந்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரி "கோலம் பழகறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போனாள்.

ரெண்டாவது ராத்திரிதான் பிடிபட்டது. ஸ்டாரில் ஒரு லைனை அழித்துவிட்டால் மீதி ரெண்டு லைனுக்கும் நடுவில் ரெண்டு பேஸ் வரிசையாக நிற்கும், மூன்றாவதுக்குக் கரண்டு வர வழியே இல்லை. அதனால் ரெண்டு சாகும், ஒன்று பிழைக்கும். டெல்டாவில் ஒரு பேஸ் நேராக அந்த ரெண்டு லைனுக்கும் குறுக்கே நிற்கும். மற்ற ரெண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகோத்து அதே வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொள்ளும். பாரமெல்லாம் தனியாக நிற்பவன் தலையில். பாலிடெக்னிக் பையனுக்கு இது முதல் வருஷப் பாடமாக இருக்கலாம். எனக்கு அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. பத்து வருஷம் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான் என்னுடையதானது.

அந்தப் பதிவை மட்டும் ஜனம் தேடி வந்து படித்தது. கடை நம்பரைக் கீழே போட்டிருந்ததால் போன் வர ஆரம்பித்தது. சக கடைக்காரர்களுக்குக் கோபம். டீக்கடையில் ஒருத்தர், வயதில் மூத்தவர், "ஏனுங்க தம்பி, நாங்க முப்பது வருஷம் பூட்டி வெச்சத நீங்க ஊருக்கெல்லாம் தொறந்து உட்டுட்டீங்களே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் பிழைப்பு எனக்குத் தெரியும். இன்றைக்கும் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருப்பதாகத்தான் நினைக்கிறேன். நான் போட்ட கணக்கில் பாதி, பழைய முதலாளியின் நோட்டில் பார்த்து மனசில் ஏறியதுதானே.

இனி, தலைப்பில் சொன்ன கதை. ஒரு ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஒன்றின் விவரத்தை 2010-ல் எழுதினேன். கபாசிட்டர் 36 எம்.எஃப்.டி. (கபாசிட்டரின் அளவு, மைக்ரோஃபாரட்) என்று நோட்டில் இருந்தது. தட்டும்போது 63 என்று விழுந்திருக்கிறது. நாலு மாதம் அப்படியே கிடந்தது. ஒருநாள் தேனிப் பக்கத்திலிருந்து ஒருத்தர் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "சார், நீங்க சொன்னபடிதான் போட்டேன். ஸ்டார்ட்டிங் வைண்டிங் கருகிப்போச்சு." என்ன போட்டீங்க என்றேன். அந்த ஊர்க் கடையில் 63 கிடைக்கவில்லையாம். 36-ஐயும் 25-ஐயும் சேர்த்துக் கட்டி, 61 வருகிறது, இதற்குமேல் கிடைக்காது என்று திருப்திப்பட்டு ஓட்டியிருக்கிறார்.

கையில் சரியான கபாசிட்டரையே வாங்கியிருக்கிறார். கடைக்காரர் அதைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஆனாலும் என் எழுத்தை நம்பி, மெனக்கெட்டு இன்னொன்றைச் சேர்த்துத் தப்பாக்கியிருக்கிறார். மோட்டாரைப் பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொன்னேன். நானே சுற்றி, செலவும் நானே போட்டுத் திருப்பி அனுப்பினேன். பதிவை அழித்துவிடலாமா என்று தோன்றியது. அழிக்கவில்லை. 63-ஐக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, என்ன நடந்தது என்பதையும் எழுதினேன். அன்றிலிருந்து எந்த எண்ணானாலும் செக்கில் எழுதுவதுபோல எழுத்திலும் எழுதுகிறேன்: 36, முப்பத்தாறு. கடை நோட்டிலும் அப்படியே. பையன்கள் சிரிக்கிறார்கள்.

அப்புறம் நடந்ததெல்லாம் எல்லோருக்கும் நடந்ததுதான். பல வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013-ல் மூடினார்கள். அதில் படித்துக்கொண்டிருந்த கொஞ்சம் பேரும் ஃபேஸ்புக் பக்கம் போனார்கள். 2017-ல், பதிவுக்கான படங்களை நான் ஏற்றி வைத்திருந்த ஃபோட்டோபக்கெட், வெளித்தளங்களில் படம் காட்ட வேண்டுமென்றால் காசு கட்டு என்றது. ஸ்லாட் ஸ்லாட்டாக நான் எடுத்து வைத்திருந்த படங்கள் ஒரே நாளில் காணாமல் போயின. மூலப்படங்கள் இருந்த பழைய போனை அதற்கு முன்பே எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தேன். கரிக்கட்டைக் காயில்களை மறுபடி படம் எடுக்கக் கஷ்டமில்லை, மோட்டார்கள் எரிந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆனால் பழைய முதலாளி கடையில் நாங்கள் ஸ்லாட்டை அடைக்க மூங்கில் ஆப்பு சீவிக்கொண்டிருக்கும் படம் ஒன்று இருந்தது. அது போனது போனதுதான். 2018-ல் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டதும் விளம்பரமும் போட்டுப் பார்த்தேன். நூறு டாலர் சேர்ந்தால்தான் கைக்கு வரும். எனக்குச் சேர இரண்டரை வருஷம் ஆனது. ரெண்டு மோட்டார் சுற்றினால் அதைவிட மிச்சம்.

இப்போது மாதத்துக்கு ஒன்று எழுதினாலே அதிகம். பழையதைத் திறந்து திருத்துவதுதான் வேலை. கம்பி விலை மாறுகிறது, மாடல் மாறுகிறது, நான் அன்று உறுதியாகச் சொன்னது இன்று அரைகுறையாகத் தெரிகிறது. புதிதாக எழுதுவதைவிட இதில் எனக்குப் பிடிப்பு கூடிவிட்டது.

போன மாதம் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. யாரோ ஒரு மெக்கானிக், எண்ணெய்க் கை பட்ட காகிதத்தை போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். என் பதிவுதான். நான் திருத்துவதற்கு முன்பே யாரோ பிரிண்ட் எடுத்து, அதை ஜெராக்ஸ் எடுத்து, அது கை மாறிக் கை மாறி வந்திருக்கிறது. என் பெயரும் இல்லை, கடை நம்பரும் இல்லை. எங்கள் கடை நம்பரை வேறு யாரோ கொடுத்தார்களாம். 'அண்ணே, இதுல 63னு போட்ருக்கு, சரிங்களா?' என்று கேட்டிருந்தார்.

கையில் வேலை இருந்தது. போட்டுவிட்டு உடனே கூப்பிட்டேன்.

"முப்பத்தாறு போடுங்க தம்பி. அந்தப் பேப்பர எழுதுனது நான்தான். எழுதி வெச்சிருக்கறத அடிச்சுட்டு, பக்கத்துல முப்பத்தாறுன்னு எழுத்துலயும் எழுதிருங்க."