பூஞ்சை பிடித்த வேப்பங்கொட்டை

போன வருஷம் புரட்டாசியில் நான் பண்ணிய கூத்து இது. அணைக்கட்டுப் பக்கம் எங்கள் அரை ஏக்கர் கொல்லையில் ஆடியில் மல்லாட்டை போட்டிருந்தோம் (வேர்க்கடலை என்றால்தான் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியும், ஆனால் எங்கள் வீட்டில் அந்த வார்த்தை யார் வாயிலும் வராது). அப்போது பயிருக்கு அறுபது நாள். நாலு நாள் விடாமல் தூறல், மூடாக்கு வானம். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் அடி இலையெல்லாம் கரும்புள்ளி. இலையைத் திருப்பினால் பின்பக்கம் இன்னும் கறுப்பு. டிக்கா என்கிற இலைப்புள்ளிப் பூஞ்சை நோய். பழுத்து உதிரவும் தொடங்கிவிட்டது. துரு நோய் வந்தால் இலை காய்ந்தும் செடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், இது அப்படி இல்லை, இலையைக் கொட்டிவிட்டுச் செடியை மொட்டையாக்கும். இலை போனால் காய் எதை வைத்துத் திரளும்?

கடைக்கு ஓடவில்லை. ரெண்டு வருஷமாக மருந்து வாங்குவதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான், மானப் பிரச்சனை. போன ஆடிக்கு முந்தைய ஆடியில் பொறுக்கிய வேப்பங்கொட்டை ஒரு மூட்டை கிடந்தது. உடைத்துப் பருப்பெடுத்து, இடித்து, துணியில் கட்டி ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பிழிந்து, பத்து மணி வெயிலில் போய் அடித்தேன். நடுவில் மூன்று தடவை தெளிப்பான் நாசில் அடைத்துக்கொண்டது வேறு. பத்து நாள் கழித்துப் பார்த்தால் பாதி இலை தரையில். வேம்பெல்லாம் சும்மா என்று முடிவு கட்டிவிட்டேன்.

சித்தப்பா வந்து மிச்சக் கொட்டையைக் கையில் அள்ளிப் பார்த்தார். உள்ளே பருப்பு பச்சையும் கறுப்புமாகப் பூத்துப்போயிருந்தது. யூரியா சாக்கில், உள்ளே பிளாஸ்டிக் பையோடு கட்டி வைத்திருந்தேன். "இன்னாடா இது, பூஞ்சை புடிச்ச கொட்டைய வச்சிக்கினு பூஞ்சைக்கு மருந்தடிக்கிறியா?" என்றார். பதில் சொல்ல ஒன்றும் இல்லை.

அவர் சொன்னதையும் அப்புறம் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தால், நான் செய்ததில் ஒன்றுகூட உருப்படி இல்லை. கொட்டையை நிழலில் உலர்த்திக் காற்றோடும் கோணியில் வைக்க வேண்டும், எட்டு மாசத்துக்கு மேல் பழசானால் வீரியம் போய்விடும். என்னுடையது வருஷம் தாண்டியது. வேம்பில் உள்ள அசாடிராக்டின் என்ற வேதிப்பொருள் வெயில் பட்டால் சிதையும், அதனால் சாயங்காலம்தான் அடிக்க வேண்டும். சோப்புக் கரைசல் சேர்க்காவிட்டால் தண்ணீர் இலையில் உருண்டு ஓடிவிடும். இதையெல்லாம்விடப் பெரிய தப்பு, நான் போன நேரம். டிக்காவின் பூஞ்சை இலையின் உள்ளே புகுந்துவிட்டால் மேலே எந்தச் சாறு அடித்தாலும் அதைத் தொடாது. இலைமேல் வந்து விழும் பூஞ்சை வித்தை (பூஞ்சைக்கு விதை மாதிரி) முளைக்கவிடாமல் தடுப்பதுதான் இந்தச் சாறுகளின் வேலை. புள்ளி ஒன்றிரண்டு தெரியும்போதே அடித்து, ரெண்டு வாரத்தில் இன்னொரு தடவை அடிக்க வேண்டும். திருடன் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, பூட்டு சரியில்லை என்று நான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வேம்பு என்றால் பூச்சிக்குத்தான் என்பது பலர் நினைப்பு. நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அமெரிக்க விவசாயத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனியும் சேர்ந்து 1994-இல் ஐரோப்பாவில் வாங்கிய வேம்புக் காப்புரிமை, அதுதான் பெரிய சண்டையானதே, அது பூச்சிக்கு இல்லை. வேப்பெண்ணெயால் செடிகளில் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு! சுற்றுச்சூழல் ஆர்வலர் வந்தனா சிவாவும் இன்னும் சிலரும் எதிர்த்துப் போராடி, 2000-இல் அது ரத்தானது, மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடி. நம்ம தாத்தா காலத்துச் சமாச்சாரம் என்று அவர்கள் அங்கே வாதாடி ஜெயித்திருக்கிறார்கள், நான் இங்கே அதை பிளாஸ்டிக் பையில் போட்டு அழுக விட்டிருக்கிறேன்.

சரி, மார்கழியில் அதே கொல்லையில் உளுந்து. தை பிறந்ததும் பனி, இலைமேல் மாவு தூவியது போல அங்கங்கே வெள்ளை. சாம்பல் நோய். இந்தத் தடவை முதல் வெள்ளையைப் பார்த்த அன்றைக்கே சித்தப்பா வீட்டுக் கோணியிலிருந்து அஞ்சு கிலோ பருப்பு கடன் வாங்கினேன். இடித்து, பத்து லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, பால் போல வந்ததை ரெண்டு தடவை வடிகட்டி, காதி சோப்பு கரைத்து, மொத்தம் நூறு லிட்டராக்கி, வெயில் தாழ்ந்ததும் பத்து டேங்க். இலையின் ரெண்டு பக்கமும் நனைய வேண்டும், அங்கேதான் இடுப்பு ஒடியும். பத்து நாள் கழித்து மறுபடி. ஓரத்தில் ரெண்டு சால் மட்டும் வேண்டுமென்றே விட்டு வைத்தேன். அது ரெண்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்தது, மற்றதில் அடி இலையோடு நின்றுவிட்டது. சாம்பல் பூஞ்சை பெரும்பாலும் இலைக்கு மேலேயே படர்கிற சாதி, அதனால்தான் சாறுக்கு எட்டுகிறது. இதே நோய்க்குத் தைல இலைச் சாற்றைப் பத்து சதவீதத்தில் அடிக்கலாம் என்று வேளாண் பல்கலைக்கழகமும் சொல்கிறது. தைல மரத்துக்கு நம்ம பக்கம் என்ன பஞ்சம்.

மல்லாட்டை டிக்காவுக்கும் துருவுக்கும் எருக்கிலைச் சாறு சொல்கிறார்கள், அதுவும் பத்து சதவீதம், அதாவது நூறு லிட்டருக்குப் பத்து கிலோ இலை. பாலாற்றங்கரையில் எருக்குக்குக் காசா பணமா. ஆனால் அந்தப் பால் கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும், இலை பறிக்கும்போதும் அரைக்கும்போதும் கண்ணாடி போடாமல் தொடாதீர்கள், பச்சிலைதானே என்று அலட்சியம் வேண்டாம்.

கழனியில் நெல்லுக்கு? இலையுறை அழுகலுக்கு வேப்பெண்ணெய் மூன்று சதவீதம் அடிக்கலாம், அடித்திருக்கிறேன், பரவாயில்லை. குலை நோய் கதிர்க் கழுத்தில் ஏறிவிட்டால் நான் சாறை நம்பி உட்கார மாட்டேன், கடைக்குத்தான் போவேன். இதைச் சொன்னால் இயற்கை விவசாய நண்பர்களுக்குக் கோபம் வரும். வரட்டும், கதிர் பதராகப் போனால் வட்டி கட்டப்போவது அவர்கள் இல்லை.

இப்போது ஆனி. வாசல் வேப்பமரத்தில் மைனாவும் காக்காயும் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பிக்கொண்டே இருக்கின்றன. அம்மா தினம் காலையில் பெருக்கிக் கூட்டி, கழுவி, திண்ணையில் நிழலில் பரப்பிவிட்டு, வீடெல்லாம் நாறுகிறது என்று திட்டுகிறாள். உடைத்தால் பாதிதான் பருப்பாகத் தேறும், அதனால் இன்னும் நிறைய சேர வேண்டும். முதல் அஞ்சு கிலோ சித்தப்பாவுக்கு, நேற்றுகூடக் கேட்டுவிட்டார்.