கரண்ட் போனதும் ஊமையான இண்டர்காம்

போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி எங்கள் அபார்ட்மெண்டில் கரண்ட் போயிற்று. நான் ஊரில் இல்லை, வீட்டில் அம்மா மட்டும். பால்கனியில் தண்ணீர் போகும் ஓட்டை அடைத்துக்கொண்டு ஹாலுக்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்திருக்கிறது. வாட்ச்மேனைக் கூப்பிட இண்டர்காமை எடுத்தால் சத்தமே இல்லை. வீட்டு இன்வெர்ட்டரில் விளக்கும் விசிறியும் ஓடுகின்றன, இண்டர்காம் மட்டும் ஊமை. புது வாட்ச்மேனின் மொபைல் நம்பர் அம்மாவிடம் கிடையாது. முட்டி வலியோடு மூன்று மாடி இருட்டில் இறங்கிப் போயிருக்கிறார். "கொர்ர்னுகூட வரலடா" என்று அவர் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக மீட்டர் ரூமைத் திறந்து பார்த்தேன். எங்கள் பிளாக்கின் 10 போன்களுக்கும் கேபிள் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்ச் என்ற பெட்டி, சாதாரண பிளக் பாயிண்டில் மாட்டியிருந்தது. யூபிஎஸ் கிடையாது. அவ்வளவுதான் காரணம்.

கட்டடத்துக்குள் போன்களை இணைக்கும் பழைய ஈபிஏபிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் இருந்த காலத்தில் இந்தத் தொல்லை வந்ததில்லை. ஒரே பெட்டி, அதிலிருந்து வீட்டுக்கு வீடு இரண்டு கம்பி, அதே கம்பியில் பேச்சும் போகும், போனுக்கு வேண்டிய மின்சாரமும் போகும். அந்த ஒரு பெட்டிக்குப் பேட்டரி இருந்தால் கட்டடம் முழுக்கப் பேசலாம். இப்போது இருக்கும், கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாகப் பேசும் நெட்வொர்க் இண்டர்காமில் அந்தப் பெட்டியின் வேலை நாலைந்து இடத்துக்குப் பிரிந்துபோகிறது. வாங்கும்போது நாம் பார்ப்பது கேட்டில் இருக்கும் பளபள யூனிட்டையும் சுவரில் மாட்டும் போனையும்தான். கண்ணில் படாத மற்றதெல்லாம் மீட்டர் ரூமில் கிடக்கிறது.

முதலில் அந்த சுவிட்ச். டேட்டா போகும் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் பிஓஇ வகை அது. 2003-இல் வந்த தரத்தின்படி ஒரு போர்ட் (கேபிள் சொருகும் துளை) அதிகபட்சம் 15.4 வாட் தரும், கேபிளில் இழப்பு போக அந்தப் பக்கம் 12.95 வாட் கிடைக்கும் என்று கணக்கு. சாதாரண இண்டர்காம் போனுக்கு இதில் பாதிகூட வேண்டாம். ஆனால் எல்லா போர்ட்டுக்கும் சேர்த்து சுவிட்ச் மொத்தம் எத்தனை வாட் தரும் என்று தனியாக ஒரு கணக்கு இருக்கிறது, கொட்டேஷனில் அதைக் கேட்டு வாங்குங்கள். கேபிள் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. கேட் தூரமாக இருந்தால் ஃபைபர்தான் போடவேண்டும், நடுவில் வெட்டி ஒட்டி டேப் சுற்றுவது ஒரு மழை தாங்காது.

அப்புறம் சர்வர், அழைப்புகளை இணைத்துவிடும் கம்ப்யூட்டர். எஸ்ஐபி சர்வர் என்பார்கள், மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி இல்லை, அழைப்பை ஏற்படுத்தும் நெறிமுறையின் பெயர் இது. ஒவ்வொரு போனும் "304 நான்தான், இந்த ஐபி முகவரியில் இருக்கிறேன்" என்று சர்வரிடம் பதிவு செய்துகொள்ளும், குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கும். வாட்ச்மேன் 304 அழுத்தினால் சர்வர் அந்த முகவரியைத் தேடி மணி அடிக்க வைக்கும். பல அமைப்புகளில் அதோடு அதன் வேலை முடிந்தது, கல்யாணத் தரகர் மாதிரி இரண்டு வீட்டையும் பேச வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், குரல் போனிலிருந்து போனுக்கு நேராகப் போகும். மணி அடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கம் மட்டும்தான் கேட்கிறது என்றால், போனைக் குறை சொல்லாமல் குரல் போகும் வழியை ஃபயர்வால் (நெட்வொர்க்கில் எதை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் காவல்) ஏதும் மறிக்கிறதா என்று முதலில் பாருங்கள். சர்வரின் ஐபி முகவரியையும் மாறாதபடி நிலையாக வைத்துவிடுங்கள், அது மாறினால் போன்கள் அதைத் தேடிப்பிடிக்க முடியாது.

குரல் எப்படிப் போகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜி.711 என்ற பழைய முறையில் நம் குரலை வினாடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதுகிறார்கள், ஆக வினாடிக்கு 64,000 பிட். அதை வழக்கமாக 20 மில்லி வினாடித் துண்டுகளாக நறுக்கி, வினாடிக்கு 50 பொட்டலம் அனுப்புகிறார்கள். ஒரு பொட்டலத்தில் 160 பைட் குரல், மேலே 40 பைட் முகவரி விவரம். அம்மா "யாரு?" என்று கேட்டு முடிப்பதற்குள் இருபது பொட்டலமாவது கீழே போய்ச் சேர்ந்திருக்கும். ஒன்றிரண்டு தொலைந்தால் காதுக்குத் தெரியாது, வரிசையாகத் தொலைந்தால்தான் பேச்சு வெட்டி வெட்டி வரும். சிசிடிவி கேமராக்களையும் இதே சுவிட்சில் சொருகும்போது இந்தத் தொல்லை எட்டிப்பார்க்கலாம். இண்டர்காமுக்குத் தனி விலான் (ஒரே சுவிட்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) பிரித்து, குரலுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்லுங்கள்.

வாசல் யூனிட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. கதவைத் திறக்கும் ரிலே (பூட்டுக்குப் போகும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாகம்) அதற்குள்ளேயே இருந்தால், யூனிட்டை நெம்பி எடுத்து உள்ளே வரும் இரண்டு கம்பியைத் தொட வைத்தே கதவைத் திறந்துவிட முடியும். ரிலேயை உள்பக்கம், பூட்டிய இடத்தில் வையுங்கள். இதில் சமரசமே வேண்டாம்.

எங்கள் பிளாக் சுவிட்ச், சர்வர், கேட் யூனிட் மூன்றையும் யூபிஎஸ்ஸுக்கு மாற்றினோம். போன ஞாயிறு காலை 11 மணிக்கு மெயினை நாங்களே இறக்கிவிட்டு, கேட்டிலிருந்து 304 அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே அம்மா எடுத்தார். "கரண்ட் இல்லையே, எப்படிடா அடிக்குது?" என்றார். மற்ற பிளாக்குகளுக்குப் பேட்டரி வியாழக்கிழமை வருகிறது.