அரியர் விழுந்த பாடமும் அமர் போஸும்

மூன்றாவது செமஸ்டரில் எனக்கு ஒரே ஒரு அரியர் விழுந்தது: சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ். ஒலி மாதிரியான சிக்னல்கள் ஒரு அமைப்புக்குள் போய் எப்படி மாறி வருகின்றன என்று சொல்லும் பாடம். கொஸ்டின் பேங்க்கில் இருந்த கன்வல்யூஷன் கணக்கு, அதாவது ஒரு சிக்னலைத் திருப்பி, நகர்த்தி, இன்னொன்றோடு பெருக்கிக் கூட்டும் கணக்கு, அத்தனையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனேன். தேர்வில் எல்லைகளைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டதும் கை அப்படியே நின்றுவிட்டது. எதற்காக ஒரு சிக்னலைத் திருப்பி நகர்த்துகிறோம் என்றே தெரியாமல் படித்திருக்கிறேன்.

அரியர் எழுதுவதற்கு முந்தைய விடுமுறையில்தான், போஸ் ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸைப் பற்றிப் படித்தேன். இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) படிக்கிற தம்பி தங்கைகளுக்கு அவர் கதை கட்டாயம் தெரிய வேண்டும்.

1929-இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். அப்பா வங்காளத்துச் சுதந்திரப் போராட்டக்காரர். இரண்டாம் உலகப்போர் சமயத்தில், பள்ளி வயதிலேயே ரேடியோ பழுது பார்த்து வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுத்தார். அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்து, 1956-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தச் சமயத்தில் ஆசையாக ஒரு ஸ்டீரியோ வாங்கினார். விவர அட்டையில் இருந்த எண்களையெல்லாம் பொறியாளர் கண்ணோடு பார்த்துத் தேர்ந்தெடுத்தது. வீட்டில் வைத்துக் கேட்டால், சின்ன வயதில் தான் வாசித்துப் பழகிய வயலின் வயலினாகவே ஒலிக்கவில்லை. எண்கள் சரியாக இருக்கின்றன, காது ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

கச்சேரி மண்டபத்தில் நம் காதுக்கு வரும் ஒலியில் பெரும்பகுதி சுவரிலும் கூரையிலும் பட்டு வருவது என்பதை அளந்து கண்டுபிடித்தார். 1964-இல் நிறுவனம் தொடங்கியபோது, அவருடைய பேராசிரியர் ஒய்.டபிள்யூ. லீ தன் சேமிப்பிலிருந்து பணம் போட்டார். 1966-இல் வந்த முதல் ஸ்பீக்கர் விற்கவில்லை. 1968-இல் வந்த 901 மாடலில் ஒன்பது டிரைவர்கள், அதாவது ஒலி எழுப்பும் தனித்தனி ஸ்பீக்கர் கூம்புகள். எட்டு சுவரைப் பார்த்து, ஒன்றே ஒன்று கேட்பவரைப் பார்த்து. அதுதான் நிறுவனத்தை நிமிர்த்தியது.

இதைப் படித்த அன்று சாயங்காலம், காலியாக இருந்த செமினார் ஹாலில் போய் ஒரு தட்டு கைதட்டினேன். சத்தம் சுவர்களில் பட்டுப் பட்டு, தேய்ந்துகொண்டே திரும்பி வந்தது. அதுதான் அந்த ஹாலின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், ஒரு நொடிப்பொழுது தட்டுக்கு அது தரும் பதில். நான் பேசினால் என் குரலின் ஒவ்வொரு துணுக்கும் அதே மாதிரி ஒரு வாலை இழுத்துக்கொண்டு வரும். எல்லா வாலையும் கூட்டினால் கன்வல்யூஷன். அதற்கப்புறம் எல்லைகளை எப்படி மாற்றிக் கேட்டாலும் பயம் வரவில்லை.

அடுத்தது ஃபேஸ், அதாவது இரண்டு அலைகள் ஒன்றாக ஏறி இறங்குகின்றனவா, எதிரெதிராகவா என்பது. ஹாஸ்டல் அறையில் பழைய ஸ்பீக்கர் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாட்டுப் போட்டோம். ஒன்றுக்கு மட்டும் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாற்றிச் சொருகினேன். இப்போது அதன் அலை மற்றதற்கு நேர் எதிர். தவிலின் தொப்பி, அந்தக் கனத்த ஒலி தரும் பக்கம், பொசுக்கென்று காணாமல் போய்விட்டது! ஜால்ரா மட்டும் சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். அதற்கு முன்னால், அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஸ்பீக்கரின் இடைவெளி ஒன்றுமே இல்லை, அதனால் எதிரெதிர் அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. 5000 ஹெர்ட்ஸில் அது 7 சென்டிமீட்டர்தான். காதுக்கு வருவதற்குள் கணக்குக் கலைந்துவிடும்.

1978-இல் ஜூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது போஸ் மனதில் ஓடியதும் இதுதான். விமானத்தில் கொடுத்த ஹெட்ஃபோனில் இன்ஜின் இரைச்சல் பாட்டை மூழ்கடித்தது. எதிர் அலையை உருவாக்கி இரைச்சலை அடக்கலாம் என்ற யோசனைக்கு 1930-களிலேயே காப்புரிமை உண்டு. அதை ஹெட்ஃபோனுக்குள் செய்து முடிக்க முடியுமா என்று இறங்குவதற்குள் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது 1989-இல். நம்மைப் போன்றவர்கள் கடையில் வாங்கும் ஹெட்ஃபோன் வந்தது 2000-இல். இத்தனைக்கும் நடுவே 2001 வரை எம்ஐடியில் பாடமும் நடத்திக்கொண்டிருந்தார்.

சரி, தேர்வுக்கு வருவோம். அரியரைத் தாண்டியதும், இன்ஜினியரிங் மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வுக்கு இதே வழியில்தான் படித்தேன். ஒரு நீள நோட்டு. இடது பக்கம் சூத்திரம், வலது பக்கம் அதை நான் எங்கே கேட்டேன் அல்லது பார்த்தேன் என்று இரண்டு வரி. ஒரு தலைப்புக்கு வலது பக்கம் எழுத வராவிட்டால் அன்றைக்குக் கணக்குப் போட உட்கார மாட்டேன். நேரம் பிடிக்கும்தான். ஆனால் 3 மணி நேரத்தில் 65 கேள்வி. விடையை எண்ணாகத் தட்டச்சு செய்ய வேண்டிய கேள்விகளில் ஊகிக்கவே வழியில்லை. அங்கே புரிந்து படித்தது மட்டும்தான் கை கொடுக்கிறது. பழைய வினாத்தாள்களைக் கடைசி இரண்டு மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே அதில் இறங்கினால் நான் மூன்றாவது செமஸ்டரில் செய்ததையே திரும்பச் செய்வீர்கள்.

அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். சிக்னல்களை வேறு வடிவத்துக்கு மாற்றும் லாப்ளாஸ் பகுதியில், அந்த மாற்றம் எந்த எல்லைக்குள் செல்லும் என்று சொல்லும் ரீஜன் ஆஃப் கன்வர்ஜென்ஸுக்கு எதிரே வலது பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. உங்களில் யாராவது அதைக் காதால் கேட்கும்படி ஒரு சோதனை செய்து பார்த்திருந்தால் எனக்கும் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.