வெயில் காலத்து ரத்த நோட்டு

ஏப்ரல் 27, ஞாயிறு

முதல் பஸ்ஸைப் பிடித்து மூலைக்கரைப்பட்டி, அங்கிருந்து கூந்தன்குளம், பறவை பார்க்க. என் ஜெராக்ஸ் கடைக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. அந்த ஒரு நாளையும் வெயிலில் கொண்டுபோய்க் கொட்டுகிறேன் என்று வீட்டில் முணுமுணுப்பு உண்டு. இருக்கட்டும்.

சங்குவளை நாரைகளில் முந்திக் கூடு கட்டியவற்றின் குஞ்சுகள் பறக்கப் பழகிவிட்டன. பிந்திக் கட்டியவை இன்னும் வெள்ளைத் தூவியோடு கிடக்கின்றன. பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறியது. பறவை பார்க்கும் கோபுரத்துக்கு நேர் எதிரே, தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரத்தில் ஒரு கூடு. தாயா தகப்பனா தெரியவில்லை, இரண்டுக்கும் ஒரே நிறம். சூரியனுக்கு முதுகைக் காட்டி, சிறகுகளைப் பாதி விரித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. அந்த நிழலுக்குள் மூன்று குஞ்சுகள். வெயில் நகர நகர அதுவும் காலை மாற்றி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஜோடி வந்து மீனைக் கக்கிய பிறகுதான் சிறகை மடக்கியது.

பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் இது. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது இங்குள்ளவர்களுக்குக் கணக்காகவே தெரியும். 1994இல் சரணாலயம் என்று அரசு அறிவிப்பதற்கு முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்ட குளம்.

கோபுரத்தில் நிற்கும்போதே போன். ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டுமாம். ரத்தம் கொடுக்கிறவர்களின் பெயர் நோட்டு என்னிடம் இருப்பதால் இப்படிப் போன் வரும். சத்தம் போட்டுப் பேசவும் முடியாது, சிக்னலும் அரைகுறை. மூலையில் குனிந்து நின்று குசுகுசுவென்று வள்ளியூர் மர மில்லுக்காரருக்குச் சொன்னேன். "எதுக்கு மதினி களவாணி மாதிரி பேசுதிய?" என்று சிரித்தார். மதியத்துக்குள் போய்க் கொடுத்துவிட்டார். குஞ்சு கூழைக்கடா தாயின் வாய்ப்பைக்குள் தலையை விட்டு மீன் எடுப்பதைப் பார்க்கத்தான் நான் போனது. அது நடக்கவில்லை.

மே 2, வெள்ளி

நோட்டை எடுத்துப் புதுப்பித்தேன். நீள நோட்டு, கணக்குப்பிள்ளை நோட்டு என்போமே, அது. பெயர், ஊர், வகை, கடைசியாகக் கொடுத்த தேதி, எந்த ஷிப்ட் வேலை. போனிலேயே போட்டு வைக்கலாமே என்று பிள்ளைகள் சொல்லும். போன் சார்ஜ் இல்லாமல் படுத்த அன்று நோட்டுதான் பேசும்.

இது தொடங்கியதற்கு என் ஜெராக்ஸ் கடை இருக்கும் இடம்தான் காரணம். பெரியாஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் என்று நகல் எடுக்க இங்கேதான் வந்து நிற்பார்கள். நகல் எடுக்கிற நேரத்தில் கையில் இருக்கிற சீட்டைப் பார்த்துவிடுவேன். "ரெண்டு யூனிட் ரத்தம் கேக்காவ, எங்கே போய்ச் சொல்லன்னு தெரியலை" என்று முக்கூடல் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்றைக்கோ கேட்டதில் ஆரம்பித்தது. டீக்கடைப் பையனையும் ஆட்டோ அண்ணாச்சியையும் அனுப்பினேன். அந்த இரண்டு பெயர்தான் நோட்டின் முதல் இரண்டு வரி.

மே மாதம் வந்தாலே கை நடுங்கும். கல்லூரிகள் மூடிவிடும். பாளையங்கோட்டையில் ரத்தம் கொடுக்கிறவர்களில் பெரும்பகுதி மாணவர்கள்தான். அவர்கள் சங்கரன்கோவிலுக்கும் நாங்குநேரிக்கும் திசையன்விளைக்கும் ஊர் திரும்பிவிட்டால் இங்கே ஆள் கிடையாது. விபத்தும் பிரசவமும் ஆபரேஷனும் மட்டும் லீவு எடுப்பதில்லை.

மே 8, வியாழன்

இன்றைக்கு ரத்தம் கொடுக்கப் போன என்னையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஹீமோகுளோபின் 12.1. குறைந்தது 12.5 வேண்டும். ஊரைக் கூட்டி ரத்தம் கேட்கிறவளுக்கு ரத்தம் பற்றவில்லை என்றால் டீக்கடையில் சும்மா விடுவார்களா? "அக்கா, ஒங்களுக்கு நாலு யூனிட் ஏற்பாடு பண்ணவா?" என்று டீக்கடைப் பையன் ஆரம்பித்துவிட்டான்.

சிரிப்பு ஒரு பக்கம். என் நோட்டில் பெண்கள் பெயர் ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கும் இதுதான் பதில். மனசு இல்லாமல் இல்லை. வந்து வரிசையில் நிற்கிறார்கள், விரலில் குத்திப் பார்த்ததும் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். ஆண்களுக்கும் அதே 12.5தான் அளவு, ஆனால் அவர்கள் அநேகமாகத் தாண்டிவிடுவார்கள். அதோடு ஆண்கள் 90 நாளில் மறுபடி கொடுக்கலாம், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டபிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிற பழக்கத்தை நிறுத்தாமல் எத்தனை முகாம் போட்டும் இந்த வரிசை நீளாது என்பது என் அபிப்பிராயம்.

டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையோடு டீ குடிக்கக் கூடாதாம், சத்து உடம்பில் சேராதாம். இது எனக்குப் பெரிய தண்டனை. முருங்கைக்கீரை, கருப்பட்டி போட்ட உளுந்தங்களி எல்லாம் நானே சேர்த்துக்கொண்டேன். களி கிண்டத் தெரிந்த கை இன்னும் மறக்கவில்லை, நல்லெண்ணெய் பிரிந்து வந்தது.

மே 13, செவ்வாய்

டவுனில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். சாயங்காலத்துக்குள் ரத்தம் கொடுக்க மூன்று பேரைக் கொண்டுவந்தால்தான் ஆச்சு என்று நோயாளியின் மகனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் விளாத்திகுளம் பக்கத்துப் பையன், இங்கே ஒருத்தரையும் தெரியாது. வாசலில் ஒரு ஆள் வந்து "ரெண்டாயிரம் கொடு, நான் ஏற்பாடு பண்ணுதேன்" என்றிருக்கிறான்.

காசுக்கு ரத்தம் கொடுப்பதை உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்து, 1998 ஜனவரி 1 முதல் நிறுத்தியாகிவிட்டது. சட்டம் எழுதிய காகிதம் அந்த வாசல்வரை வந்து சேரவில்லை போலிருக்கிறது. காசுக்காக வருகிறவன் தனக்கு மஞ்சள் காமாலை வந்ததைச் சொல்வானா? எச்.ஐ.வி., இரண்டு வகைக் கல்லீரல் அழற்சி, மேகநோய், மலேரியா என்று ஐந்துக்கும் பரிசோதனை செய்துதான் ஏற்றுகிறார்கள். ஆனாலும் தொற்று ஏற்பட்ட புதிதில் பரிசோதனைக்குப் பிடிபடாத சில நாட்கள் உண்டு. அங்கே உண்மை பேசுகிற ஆள்தான் காவல்.

பையனை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு மூன்று பேருக்குப் போன் போட்டேன். இரண்டு பேர் போனார்கள். மூன்றாமவர் பேரப்பிள்ளை பெயரைப் புதிதாகப் பச்சை குத்தியிருக்கிறார். ஒரு வருஷம் கொடுக்க முடியாது. வேறு ஆள் தேடிப் பிடிப்பதற்குள் மணி எட்டு.

மே 18, ஞாயிறு

கூந்தன்குளம் போக முடியவில்லை. காலையில் நயினார்குளத்தோடு சரி. நீர்க்காகம் சிறகைக் காயவைப்பதைப் பார்த்துவிட்டு, இருட்டுக்கடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டேன். அல்வா சாயங்காலச் சமாச்சாரம்.

மதியம் வீட்டுக்கு நான்கு பேர் வந்தார்கள். ஒரு பிரமுகரின் பிறந்தநாளுக்கு ரத்ததான முகாம், நூறு பேர் வேண்டும், உங்கள் நோட்டைக் கொடுங்கள் என்றார்கள். பந்தல், பேனர், பிரியாணி எல்லாம் தயார். கோபம் வந்தது, ஆனால் மோர் கொடுத்து உட்கார வைத்தேன்.

பிறகு கணக்குப் போட்டுக் காட்டினேன். நூறு பேரும் ஒரே நாளில் கொடுத்தால், அந்த நூறு பேரையும் அடுத்த மூன்று மாசம் நான் கூப்பிட முடியாது. எடுத்த ரத்தத்தைப் பிரித்தால் சிவப்பணு, தட்டணு என்கிற பிளேட்லெட், பிளாஸ்மா. சிவப்பணுவைக் குளிரில் வைத்து 35, சேர்க்கிற மருந்தைப் பொறுத்து 42 நாள் தாக்காட்டலாம். பிளாஸ்மாவை உறையவைத்தால் ஒரு வருஷம். தட்டணு? 5 நாள். அதுவும் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது, அறைச் சூட்டில், ஆட்டிக்கொண்டே இருக்கிற மிஷினில் கிடக்க வேண்டும். ஆறாம் நாள் கொட்டத்தான் வேண்டும். மழை முடிந்து டெங்கு வரும்போது ஆளாளுக்குத் தட்டணு தட்டணு என்று அலைவார்களே, அப்போது இந்தப் பந்தல் எங்கே இருக்கும்?

"அப்படின்னா முகாமே வேண்டாங்கியளா?" என்று அதில் இளையவன் கேட்டான். முகாம் வேண்டும். முப்பது பேரோடு வையுங்கள், மிச்சம் எழுபது பேரிடம் வகையும் போன் நம்பரும் மட்டும் வாங்கி வையுங்கள், கூப்பிடுகிற அன்று வந்தால் போதும் என்றேன். மூத்தவருக்கு முகம் சுண்டிவிட்டது. முப்பது பேர் நின்றால் போட்டோ நிறையாதே. "கேட்டுச் சொல்லுதோம்" என்று கிளம்பினார்கள். நோட்டைக் கொடுக்கவில்லை.

ஜூன் 7, சனி

பக்ரீத். மேலப்பாளையத்திலிருந்து வழக்கமாக வருகிற பாய்க்கு இன்று போன் போட மனசே வரவில்லை. ஆனால் பி நெகட்டிவ், வேறு ஆள் இல்லை. தயங்கித் தயங்கிச் சொன்னேன். "குர்பானி வேலை முடிஞ்சதும் வந்துருதேன் தங்கச்சி, நாலு மணி ஆவும், பரவாயில்லையா?" என்றார். நாலரைக்கு வந்தார், புதுச் சட்டையோடு. 350 மில்லி கொடுத்துவிட்டு, தூக்குச்சட்டியில் கறி வேறு.

நூறு பேரில் ஐந்து பேர் தேறினால் அதிகம், நெகட்டிவ் வகை. அவர்களுடைய பக்கத்தை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். அவசரம் தவிர அந்தப் பக்கத்தைத் திருப்புவதில்லை.

ஜூன் 9, திங்கள்

வைகாசி விசாகம். நேற்று ராத்திரி முழுக்கத் திருச்செந்தூர் சாலையில் பச்சை வேட்டிகளும் காவடிகளும் நடந்துகொண்டே இருந்தன. கடை வாசலில் பானகம் வைத்தேன்.

அதில் ஒருத்தர் நோட்டுக்காரர். "முருகன் பேரைச் சொல்லி இன்னைக்கே ரத்தம் கொடுத்துட்டு நடக்கேன்" என்று நிற்கிறார். விரதம், காலையிலிருந்து தண்ணீர் மட்டும். வெறும் வயிற்றில் எடுக்க மாட்டார்கள், எடுத்தால் மயங்கி விழுவீர்கள், அதற்கு மேல் அறுபது கிலோமீட்டர் நடை என்று மல்லுக்கட்டி அனுப்பினேன். விரதம் முடித்து, நன்றாகச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து வாருங்கள் அண்ணாச்சி, முருகன் காத்திருப்பார் என்றேன். "முருகன் காத்திருப்பாரு, நோயாளி காத்திருப்பானா?" என்கிறார். நல்ல கேள்விதான். அன்றைக்கு ஓ பாசிட்டிவ் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, தப்பித்தேன்.

ஜூன் 14, சனி

உலக ரத்ததான நாள். கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1868இல் பிறந்த தேதி. ரத்தத்தில் வகை உண்டு என்று 1901இல் அவர் பிரித்துச் சொல்வதற்கு முன்னால், ஏற்றிய ரத்தம் சேர்ந்தால் பிழைத்தான், சேராவிட்டால் செத்தான், அவ்வளவுதான். என் நோட்டில் 'வகை' என்று ஒரு கட்டம் இருப்பதே அந்த மனுஷர் தயவு.

ஆனால் இன்றைக்குத் திரும்பின பக்கமெல்லாம் முகாம். என்னையும் ஒரு இடத்தில் மேடை ஏறச் சொன்னார்கள். சால்வை போர்த்துகிற நேரத்தில் கடையில் நாலு பேர் நகலுக்கு நிற்பார்கள் என்று சொல்லித் தட்டிவிட்டேன்.

சாயங்காலம் எதிர்பாராமல் அந்தப் பிறந்தநாள் கூட்டத்தின் இளையவன் வந்தான். முகாமில் முப்பத்தைந்து பேரோடு நிறுத்திக்கொண்டார்களாம். மூத்தவருக்கு இன்னும் வருத்தமாம், போட்டோவில் பந்தல் காலியாகத் தெரிகிறதாம். கையில் ஒரு தாள், பன்னிரண்டு பெயர், வகையோடு. மிச்சம்? "மத்தவனுவ நம்பர் தர யோசிக்கானுவ அக்கா. நேர்ல பாத்து வாங்கித் தாரேன்." ஒன்பது பாசிட்டிவ், மூன்று ஏ நெகட்டிவ். மூன்றும் அண்ணன் தம்பிகள்.

ஜூன் 22, ஞாயிறு

கூந்தன்குளம். மரங்கள் பாதி காலி. தண்ணீர் வற்றி, சேற்று ஓரத்தில் அரிவாள் மூக்கன்கள் மட்டும் குத்திக்கொண்டு நின்றன. கூழைக்கடாக் குஞ்சுகளில் கடைசி ஒன்றிரண்டு இருந்தன. வாய்ப்பைக்குள் தலை மட்டுமல்ல, பாதி உடம்பே போய்விட்டது. தாய் தள்ளாடிச் சமாளித்தது. கூட வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை "முழுங்கிட்டு" என்று அலறிவிட்டாள்.

கல்லூரிகள் திறந்துவிட்டன. முதல் வருஷப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு நிறைந்திருக்கிறதா, எடை 45 கிலோவைத் தாண்டுகிறதா என்று பார்த்துத்தான் நோட்டில் ஏற்ற வேண்டும். ஆனித் தேரோட்டம் நெருங்குகிறது. வடம் பிடிக்கிற நான்கைந்து பேர் என் நோட்டிலும் இருக்கிறார்கள். தேர் நிலைக்கு வருகிறவரை அவர்களைக் கூப்பிடக் கூடாது என்று ஓரத்தில் குறித்தேன். ஏ நெகட்டிவ் சகோதரர்களில் நடுவுள்ளவனுக்குப் போன மாசம்தான் மலேரியா குணமானதாம். மூன்று மாசம் தள்ளிப் போட்டாயிற்று. மற்ற இரண்டு பேரையும் ஒரே நாளில் கூப்பிடப் போவதில்லை, அது அவர்களுக்கும் சொல்லியாகிவிட்டது.

என் ஹீமோகுளோபினை ஜூலை முதல் வாரம் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். டீயை மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கிறேன்.