துவக்குப் பிடியில் தெரியும் ஊர்

குழலின் வாய்வழியே வெடிமருந்தும் ஈயக் குண்டும் இட்டுக் கோலால் இடித்து இறுக்க வேண்டிய துவக்கை வன்னியில் ‘இடியன்’ என்பார்கள். துவக்கு என்ற சொல்லே போர்க்காலத்தை நினைவுக்குக் கொண்டுவரும் எங்கள் ஊரிலிருந்துகொண்டு, இடியன் இனத்தைச் சேர்ந்த ஒரு பழைய அமெரிக்கத் துவக்கைப் பற்றி எழுதச் சற்றுத் தயங்கினேன். ஆயினும் தச்சுப் பட்டறையில் வளர்ந்த எனக்கு, பென்சில்வேனியாவின் நெடுங்குழல் றைபிளைப் படத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது கண்ணில் பட்டது அதன் மரந்தான். தோளில் பொருந்தும் பிடியிலிருந்து குழலின் நுனி வரைக்கும் ஒரே மரம். எங்கும் தடங்காமல் ஓடும் ஒரே கோடு.

என் தந்தையார் கோயில் வாகனங்கள் செய்பவர். குதிரை வாகனத்தின் கழுத்து வளைவைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்தப் பட்டறையின் வேலை என்று சொல்லிவிடுவார்; பெயர் பொறித்திருக்கிறதா என்று தேடமாட்டார். அந்த றைபிள்களையும் அறிந்தவர்கள் அப்படியே இனங்காண்கிறார்கள் என்று படித்த பிறகு என்னால் அந்த விடயத்தை விட முடியவில்லை.

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜேர்மானியரும் சுவிஸ் நாட்டவரும் கொண்டுவந்தது ‘யேகர்’ எனப்படும் வேட்டைத் துவக்கு. அதன் குழல் ஏறத்தாழ 30 அங்குலம், வாய் அகலமானது. ஆனால், நாட்கணக்கில் காட்டுக்குள் அலையும் வேட்டைக்காரனுக்கு ஈயமும் மருந்தும் அருமையான பொருள்கள். 0.60 அங்குல வாய்க்கு ஒரு இறாத்தல் ஈயத்தில் ஏறத்தாழ 20 குண்டுகள்தான் வார்க்கலாம், 0.45 அங்குலமாகக் குறைத்தால் 50 வரை தேறும். ஆகவே வாய் சிறுத்தது, குழல் 42 அங்குலத்தையும் தாண்டி நீண்டது, பிடியும் மெலிந்தது. பின்னாளில் ‘கென்டக்கி றைபிள்’ என்ற பெயர் பரவினாலும், அதன் பிறப்பிடம் பென்சில்வேனியாதான்.

குண்டைச் சுழலவைக்கும் சுருள் பள்ளமான புரியைக் குழலுக்குள் வெட்டும் முறையை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தட்டையான இரும்புப் பட்டையைக் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து, துண்டு துண்டாக அடித்துப் பொருத்திக் குழலாக்குவார்கள். துளையைக் கடைந்து நேராக்கிய பிறகு, சுருள்வரி வெட்டிய மர வழிகாட்டி ஒன்றின் துணையுடன், சிறிய உருக்குப் பல் பதித்த கோலைக் கையால் உள்ளே இழுப்பார்கள். ஒவ்வோர் இழுப்பிலும் மயிரிழை அளவு இரும்புதான் சீவுப்படும். பல் மேலும் சற்று ஆழமாக வெட்டுவதற்காக அதன் அடியில் ஒரு கடதாசித் துண்டைச் செருகுவார்கள், பிறகு இன்னொன்று. கடதாசியின் தடிப்பை அளவாக வைத்து இரும்பை வெட்டிய அந்தப் பொறுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

குழல் எங்கும் ஏறத்தாழ ஒரே விதந்தான். சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வி உருக்கில் மோதித் தீப்பொறி எழுப்பும் விசைப்பொறியையோ பலர் இங்கிலாந்திலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் வாங்கிப் பொருத்தினார்கள். ஆகவே ஊரின் அடையாளம் கொல்லன் தன் கையால் வடித்த பகுதிகளிலேயே, அதாவது மரத்திலும் பித்தளையிலும் செதுக்கலிலுமே, தங்கியது. பல ஆண்டுகள் ஆசானிடம் இருந்து பழகிய சீடன் அவருடைய வளைவையே தன் வளைவாகக் கொண்டு போனான். ஜேக்கப் டிக்கேர்ட் போன்ற துவக்குக் கொல்லர்கள் தொழில் செய்த, பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் பிடியின் கோடுகள் நேராக ஓடும். குண்டைச் சுற்றும் துணித்துண்டுகளை வைக்க, பிடியில் பதித்த பித்தளைப் பெட்டியின் தலையில் டெய்சிப் பூ விரிந்திருக்கும். லீஹை பகுதியிலோ பிடியின் மேற்கோடு கழுகு மூக்குப்போல் மெல்லக் கீழ்நோக்கி வளையும். மலைப்பாங்கான பெட்ஃபோர்டில் எல்லாம் ஒடுங்கி நீளும். விசைப்பொறியின் தகடுகூட அங்கே ஒல்லியானது.

எனக்கு மிகவும் பிடித்தவை தெற்கே, டென்னசி மலைப்பகுதியில் செய்யப்பட்டவை. பித்தளைக்குப் பதிலாக உலையில் அடித்த இரும்பு. செதுக்கல் மிகக் குறைவு. பல துவக்குகளில் பெட்டிகூட இல்லை, அந்தத் துணியில் தடவும் கொழுப்பை வைப்பதற்குப் பிடியில் ஒரு குழி மட்டுமே. பூவேலை இல்லாத இடத்தில் கோடு பிழைத்தால் மறைக்க வழியில்லை என்பதால், வடக்கின் அலங்காரங்களைவிட இவற்றையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

நம் தீவிலும் இப்படி ஊர் சொல்லும் துவக்குகள் இருந்தன. ஒல்லாந்தர் 1765இல் கண்டியிலிருந்து கொண்டுபோன பொருள்களுள் ஆறு 2023 டிசம்பரில் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்தன; கண்டிப் பிரபு லெவ்கேயின் பெயரால் அழைக்கப்படும் பீரங்கியுடன் இரண்டு துவக்குகளும் அவற்றில் அடங்கும். அந்தச் செய்திக்குப் பிறகு கண்டித் துவக்குகளைப் பற்றியும் தேடிப் படித்தேன். போர்த்துக்கேயர் வழி வந்த விசைப்பொறியைக் கண்டிக் கைவினைஞர் குழலின் இடப்பக்கத்தில் பொருத்தினார்கள். பிடியின் முடிவை இரண்டாகப் பிளந்து சுருட்டினார்கள். வெளியிலிருந்து வந்த பொறி கண்டியின் மரத்துக்குள் குடியேறிவிட்டது.

சென்ற கிழமை பென்சில்வேனியத் துவக்கொன்றின் படத்தைப் பெரிதாக்கித் தந்தையாரிடம் காட்டினேன். சுருள்வரி மேப்பிள் மரத்தில், இரும்பு கரைத்த அமிலத்தைப் பூசிச் சூடுகாட்டி வரவழைத்த செம்பழுப்பு நிறம். நன்றாகச் சீவிய முதிரைப் பலகையை வெளிச்சத்தில் சாய்த்தால் தெரிவதுபோன்ற அலை. அவர் அலையைப் பார்க்கவில்லை. பிடி மெலிந்து குழலைச் சந்திக்கும் கழுத்தில் பெருவிரலை வைத்தார்.

“முறியிறதெண்டால் இந்த இடத்திலைதான் முறியும், தம்பி. வரி இதுக்குள்ளாலை வளைஞ்சு போற மாதிரிப் பாத்துத்தான் பலகை எடுத்திருக்கிறான்.”

படத்தை இன்னும் பெரிதாக்கினேன். மரத்தின் வரி அந்தக் கழுத்தின் வளைவோடு சேர்ந்தே வளைந்து, பிடிக்குள் இறங்கியிருந்தது.