சாயப்பட்டறையிலிருந்து ஒரு பகுதிநேர ஆய்வு

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தைக் கவனித்துக்கொண்டே முனைவர் பட்ட ஆய்வை முடிக்க எனக்கு ஐந்தரை ஆண்டுகள் ஆயின. விதி தருவது குறைந்தது 3, அதிகம் 6 ஆண்டுகள்.

பதிவுக்கு முதலில் கேட்கப்பட்டது பணியிடத்தின் தடையின்மைச் சான்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைக்கும் என்பதையும், தேவைப்பட்டால் பாட வகுப்புகளுக்காகப் பணியிலிருந்து விடுவிப்போம் என்பதையும் அச்சான்றில் உறுதியளிக்கச் சொல்கின்றன. அதற்கு முன்பே சேர்ந்த எனக்கு ஒற்றை வரிதான் கிடைத்தது. "படிங்க, வேண்டாங்கலீங்க, ஆனா ஷேட் நிக்கலீன்னா நடுராத்திரின்னாலும் கூப்புடுவனுங்க" என்றார் முதலாளி. ஷேட் என்பது துணியில் வர வேண்டிய நிறச் சாயல். சொன்னபடியே கூப்பிட்டார்.

இரவு பத்து மணிக்குமேல் இரண்டு மணி நேரம் என்று நான் போட்ட திட்டம் முதல் இரண்டு ஆண்டுகளை விழுங்கிவிட்டது. விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும்; மீதியில் தூக்கம் வரும். போதாததற்கு, நான் முதலில் எடுத்த தலைப்புக்கு வேண்டிய கருவிகள் கோவையில் இருந்தன, அவையும் வேலைநாட்களில் மட்டுமே கிடைத்தன.

நேர அட்டவணையை மாற்றிப் பயனில்லை என்று தெரிந்தபின், நெறியாளரின் இசைவோடு தலைப்பையே மாற்றினேன். இழையோடு வேதிவினை புரிந்து ஒட்டும் ரியாக்டிவ் சாயம் பருத்தித் துணியில் ஏறுவதற்குச் சாதாரண உப்போ கிளாபர் உப்போ (சோடியம் சல்பேட்) நிறையக் கொட்ட வேண்டும். அது துணியில் தங்காமல் கழிவுநீரோடு வெளியேறிவிடும். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் நீரையும் உப்பையும் மீட்டெடுப்பது தொழிலின் நிபந்தனையாகவே ஆகிவிட்டது. மீட்ட உப்புநீரை மறுபடி சாயமேற்றப் பயன்படுத்தும்போது ஷேட் எவ்வளவு மாறுகிறது என்பது நான் அன்றாடம் மல்லுக்கட்டும் கேள்வி. அதையே ஆய்வுக் கேள்வியாக்கிக்கொண்டேன். பகலில் செய்த லேப் டிப்கள், அதாவது ஆய்வகத்தில் சிறு துணித்துண்டுகளுக்குச் சாயமேற்றிப் பார்க்கும் சோதனைகள், தரவுகளாயின.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. பட்டறையின் தரவுகளைப் பயன்படுத்த எழுத்துப்பூர்வ அனுமதியும், சாயக் கலவை விவரங்களை வெளியிடுவதில்லை என்ற உடன்பாடும் முன்கூட்டியே வேண்டும். நான் தாமதித்ததால் ஒரு கட்டுரை ஐந்து மாதம் முடங்கியது. மற்றது, இது ஆய்வா அல்லது தினசரி அறிக்கையா என்று ஆய்வுக் குழு கேட்ட நியாயமான கேள்வி. புதிய உப்பில் இணைச் சோதனைகள் செய்து ஒப்பிட்ட பிறகே அவர்களுக்கு விடை சொல்ல முடிந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அக்குழுவின் முன் நிற்க வேண்டியிருந்ததும் நல்லதுதான். ஷிப்மென்ட் தேதி போல அது என்னை விரட்டியது.

எழுதுவதற்கு மட்டும் துண்டு நேரம் உதவவில்லை. வெளியூர்க்காரர்கள் கிளம்பி ஊரே அடங்கிக் கிடக்கும் தீபாவளி விடுமுறைகள் இரண்டில்தான் முக்கியமான இரண்டு இயல்களை எழுதி முடித்தேன். அதில் ஒரு தீபாவளிக்கு அப்புச்சி ஊருக்குப் போகாததை அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.